வன்னி நின்ற குழி

வாசலில் ஒரு வண்டி மண் வந்து இறங்கியிருக்கிறது. நேற்றைய தூறலில் நனைந்த மண். காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. ஒரு கணம் நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். லீவில் வரும்போதெல்லாம் பெட்டியை இறக்குவதற்கு முன்பே, "ஒரு குடம் தண்ணி எடுத்து வாசல்ல தெளி புள்ள" என்பீர்கள். தெருவே வேடிக்கை பார்க்கும். ஏர்போர்ட்டிலிருந்து வந்த மனுஷன் பெண்டாட்டி முகத்தையும் பெற்ற மகள் முகத்தையும் பார்க்காமல் தரையை மோந்துகொண்டு நிற்கிறாரே என்று எனக்கு ஒரே வெட்கமாக இருக்கும்.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, உங்களுக்கும் பிடிக்காது. உங்கள் மரத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

பிடுங்கியது வேறு யாருமில்லை, என் தம்பி கரீம்தான். வேறு எவனாவது என்றால் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்திருப்பேன். இவனை என்ன செய்வது? போன மாதம் பேத்திக்குக் காய்ச்சல் என்று நான் திண்டுக்கல்லில் நம் ஆயிஷா வீட்டுக்குப் போயிருந்தேன். இங்கே நம் ஊர் மலைக்கோட்டைப் பக்கத்தில் இருக்கிற தன் கடையை அன்றைக்குச் சீக்கிரம் சாத்திவிட்டு, அக்கா வீட்டுக் கொல்லையைச் சுத்தம் செய்து வைப்போம் என்று இரண்டு ஆட்களோடு வந்திருக்கிறான். வந்தவன் கண்ணில் முள்ளும் பொடி இலையுமாக ஒரு செடி பட்டிருக்கிறது. கொல்லைப்பக்கம் அதிகம் வந்து பழக்கமில்லாதவன், சீமைக் கருவேலம் என்று நினைத்துவிட்டான். நிலத்தடித் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடும், வேரோடு எடுக்க வேண்டும் என்று ஊரே பேசுகிற மரமாயிற்றே. கடப்பாரையைப் போட்டு நெம்பி, கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். வேர் முழுசாக வரவில்லை. இடுப்பளவு ஆழத்தில் படக்கென்று அறுந்ததாம். எனக்கு போன் செய்து, "அக்கா, வந்து பாரு, உன் கொல்லை எப்படிப் பளிச்சுன்னு இருக்குன்னு" என்று பெருமையாகச் சொன்னான் பாவி.

வந்து பார்த்தேன். குழிதான் இருந்தது. அப்படியே கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "என்னக்கா, ஒரு முள்ளுச் செடிக்குப் போயி..." என்று அவன் ஆரம்பித்தான். "அது உங்க மச்சான் வச்ச மரம்டா" என்றேன். அவ்வளவுதான், அவன் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து அவனுக்கும் தூக்கமில்லை. குழியைப் பார்க்கப் பார்க்கத்தானே அக்காவுக்கு மனசு கஷ்டப்படுகிறது, மண்ணைக் கொட்டி மூடி, மேலே சிமெண்ட் தளம் போட்டு, நல்லதாக ஒரு துவைக்கிற கல்லும் பதித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அதற்குத்தான் இந்த மண். மதியத் தொழுகைக்குப் பிறகு கொத்தனாரோடு வருகிறான். சரி என்றோ வேண்டாம் என்றோ நான் அதற்குள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் பேசிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உண்மையைச் சொன்னால், சரி என்றுதான் சொல்லப் போகிறேன். குழியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், கொசு வரும். நீங்களே இருந்தாலும் அதைத்தான் சொல்வீர்கள். ஆனாலும் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

அந்த மரத்தை நான் ஆரம்பத்தில் எப்படித் திட்டினேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மரத்தை மட்டுமா திட்டினேன்? அது வந்த ஊரையே அல்லவா திட்டினேன். பாலைவனம் என்ற பேச்செடுத்தாலே, "போதும், என் சக்களத்தியைப் பத்தி என்கிட்டயே பேசாதீங்க" என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அது சிரிப்பில்லை. கல்யாணமாகி, ஆயிஷா தவழ்வதற்குள் ஓமனுக்குப் போனீர்கள். மஸ்கட் மாதிரி கடலும் கடைவீதியுமான ஊரில் வேலை என்றாலும் மனசு ஆறியிருக்கும். உங்களுக்கு வாய்த்தது உள்ளே, மணலுக்குள்ளே தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. ரோடு போடுகிறவர்களின் கேம்புக்கும் ஒட்டகம் மேய்க்கிறவர்களின் தொட்டிகளுக்கும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது. காவிரிக்கரைக்காரன் பாலைவனத்தில் தண்ணீர் வண்டி ஓட்டப் போனான் என்று என்னைப் பெற்ற அத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அப்போதெல்லாம் போனில் பேசுவது குதிரைக்கொம்பு. கேசட்தான். நீங்கள் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவீர்கள். பாலக்கரை வீட்டுக் கூடத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். எல்லார் வீட்டு ஆம்பிளைகளும் நலமா, சுகமா என்று பேசி அனுப்பும்போது நீங்கள் மட்டும் அந்த ஊர் வெயிலைப் பற்றிப் பேசி அனுப்புவீர்கள். ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வெந்துபோகும், ஈரத் துண்டைச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். மணலில் இறங்கும் முன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் புதைந்துவிடும். எருக்கஞ்செடி அங்கேயும் இருக்கிறது, நம் ஊரில் ரோட்டோரம் நிற்கிற மாதிரியே நிற்கிறது. மணலில் கொடியோடிக் காய்த்துக் கிடக்கிற பேய்க்குமட்டியை ஆசையாக எடுத்துக் கடித்துவிட்டு, அன்றைக்கு முழுவதும் நாக்கில் கசப்பு போகவில்லை. இதையெல்லாம் கேட்டு என் அம்மா, "இவருக்குப் பொண்டாட்டிகிட்ட பேச வேற ஒண்ணும் இல்லையாடி?" என்று கேட்டார். நான் கேசட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தனியாக மறுபடியும் கேட்டேன். நீங்கள் பேச்சை நிறுத்துகிற இடங்களில் காற்று மட்டும் ஓடும். அதைத்தான் அதிகம் கேட்டேன்.

ஒரு கேசட்டில் ஸ்வெட்டர் கேட்டிருந்தீர்கள். நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். பாலைவனத்துக்கு ஸ்வெட்டர் கேட்கிற ஆளை யாராவது பார்த்திருக்கிறார்களா? அடுத்த லீவில் வந்து எனக்குப் பாடம் எடுத்தீர்கள். "மேகங்கறது பூமிக்குப் போர்வை மாதிரி. அந்த ஊர்ல போர்வையே கிடையாது. பகல்ல அடிச்ச சூடெல்லாம் பொழுது சாஞ்சதும் அப்படியே மேல போயிடும். மார்கழி தையில தொட்டித் தண்ணியில கை வைக்க முடியாது புள்ள." நான் கம்பளி நூல் வாங்கி எனக்குத் தெரிந்த லட்சணத்தில் பின்னிக் கொடுத்தேன். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதைப் போட்டுக்கொண்டுதான் அத்தனை குளிரையும் ஓட்டினீர்கள். கேலி செய்த ஆட்களிடம், "எங்க ஊர் பேஷன்" என்றீர்களாம்.

இன்னொரு கேசட்டில், "அடுத்த தடவை நீ ஒண்ணும் பேச வேணாம். மழை பெய்யும்போது டேப்பை வெளிய வச்சு மழையைப் பிடிச்சு அனுப்பு" என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. நான் பேச வேண்டாமாம், மழை பேச வேண்டுமாம்! ஆனாலும் ஐப்பசியில் ஒருநாள் நன்றாகப் பிடித்துப் பெய்தபோது, டேப் ரெக்கார்டரைக் கொல்லைப்புறத் தகரத்துக்குக் கீழே குடை பிடித்து வைத்தேன். மழை பதிந்தது. நடுவில் கொடியில் காய்ந்த துணி ஞாபகம் வந்து, "துணியை எடு! ஏய் ஆயிஷா, துணியை எடு!" என்று நான் போட்ட கூச்சலும் பதிந்தது. அழிக்கத் தெரியாமல் அப்படியே கொடுத்துவிட்டேன்.

அந்தக் கேசட்டை நீங்கள் மத்தியானத்தில் மரத்தடியில் லாரியை நிறுத்திக் கேட்பீர்களாம். ஒட்டகம் மேய்க்கிற பெரியவர் ஒருவரும் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிடுவாராம். இது என்ன சத்தம் என்று கேட்டாராம். "என் வீடு" என்றீர்களாம். தமிழ் ஒரு எழுத்து தெரியாத அந்த மனுஷனுக்கு "துணியை எடு" மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. உங்களைத் தூரத்தில் பார்த்தாலே சலாம் சொல்வதற்குப் பதில் கையை ஆட்டிக்கொண்டு "துணியை எடு!" என்று கத்துவாராம். வருஷக்கணக்கில் மழை முகம் பார்க்காத அந்த இடத்தில் ஒருநாள் வானம் இருட்டி நிஜமாகவே மழை இறங்கியபோது, அவர் மணல்மேட்டிலிருந்து ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "துணியை எடு, துணியை எடு" என்று ஓடி வந்தாராம். இதைச் சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வரும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கும் வரும்.

அந்த மழைக்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான் உங்கள் குரல் மாறும். செத்துக் கிடந்த மணலில் பத்து நாளைக்குள் பச்சைப் பூஞ்சை பூத்த மாதிரி புல் கிளம்பியதாம். எப்போதோ விழுந்து கிடந்த விதைகள், இந்த ஒரு மழைக்காகத் தோலை இறுக்கி மூடிக்கொண்டு காத்துக் கிடந்தவை. விறுவிறுவென்று முளைத்து, பூத்து, காய்த்து, திரும்ப விதையைக் கொட்டிவிட்டு வெயில் ஏறுவதற்குள் காய்ந்தும் போய்விட்டன என்றீர்கள். மேலே ஒரு துளி விழாத நாளில் எங்கோ மலையில் பெய்த மழை, வறண்ட ஆற்றுத்தடத்தில் சேற்றுச் சுவர் மாதிரி புரண்டு வந்ததையும் பார்த்திருக்கிறீர்கள். லாரியை மேட்டில் ஏற்றிய பிறகு திரும்பிப் பார்த்தால், நீங்கள் நிறுத்தியிருந்த இடத்தில் ஒட்டகம் மேய்க்கிறவர்களின் கூடாரம் ஒன்று மிதந்து போனதாம். "பாலைவனத்துல தண்ணி இல்லாமலும் சாவாங்க, தண்ணியிலயும் சாவாங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சோறு சாப்பிட்டீர்கள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

ஒரேயடியாக வந்துவிட்ட பிறகாவது அந்தப் பேச்சு ஓயும் என்று நினைத்தேன். எங்கே? மனுஷன் இங்கே வந்தாரே தவிர பழக்கமெல்லாம் அங்கேயே இருந்தது. தேள் இருக்குமென்று செருப்பைத் தட்டித் தட்டிப் போடுவீர்கள். பள்ளிவாசல் வாசலில் கூடத் தட்டுவீர்களாம், கரீம் சொல்வான். காவிரித் தண்ணீர் குழாயில் கொட்டுகிற இந்தக் காஜாமலை வீட்டில் அரை வாளியில் குளிப்பீர்கள். காய்கறி கழுவிய தண்ணீரை நான் கொட்டப் போனால் கையைப் பிடிப்பீர்கள். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளை ஏற்றிவருகிற ஸ்கூல் வேன் ஓட்ட ஆரம்பித்தீர்கள். தினமும் காவிரிப் பாலத்தில் வேனை மெதுவாக்கி ஆற்றை ஒரு பார்வை பார்க்காமல் தாண்ட மாட்டீர்களாம். பிள்ளைகள் எல்லாம், "அங்கிள், பாலைவனக் கதை" என்று கேட்டுக்கொண்டு வருமாம். காலையில் பனி இறங்கி லாரித் தகரமெல்லாம் நனைந்திருக்கும்போது, காது பெரிசும் உடம்பு சிறிசுமான நரி வந்து அதை நக்கிக் குடிக்கும் என்று சொல்வீர்களாம். பாதத்தில் ரோமம் முளைத்திருப்பதால் அதற்கு மணல் சுடாது. முள்வால் வைத்த ஒரு பெரிய ஓணான் இருக்கிறது, அது ஆயுசுக்கும் தண்ணீரே குடிக்காது, தின்கிற இலையின் ஈரமே போதும். தலையைக் கீழே கவிழ்த்துப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கிற கறுப்பு வண்டுகூட உங்கள் கதையில் உண்டு. நம் ஆயிஷாவுக்குச் சின்ன வயசில் இந்தக் கதையெல்லாம் நேரில் கிடைக்கவில்லையே என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

அவள் காலேஜில் தமிழ் படித்தபோது ஒருநாள் வந்து, "அம்மா, பழைய பாட்டுல பாலை நிலம்னாலே பிரிவுன்னுதான் அர்த்தமாம்" என்றாள். "இதைப் படிக்கவாடி காலேஜுக்குப் போறே? என்கிட்ட கேட்டிருந்தா வீட்டுலயே சொல்லியிருப்பேனே" என்றேன். நீங்கள் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டீர்கள்.

கடைசியாக வந்தபோது சட்டைப் பையில் கொஞ்சம் நெற்று கொண்டுவந்திருந்தீர்கள். லாரியை நிழலுக்கு நிறுத்துகிற அந்த மரத்தின் நெற்று. அங்கே அதை காஃப் என்பார்களாம். மணலில் வேறு எதுவுமே நிற்காத இடத்தில் அது மட்டும் தனியாக நிற்குமாம். எட்டுகிற உயரம் வரைக்கும் ஒட்டகங்கள் மேய்ந்து, அடிக்கிளையெல்லாம் கத்தரித்துவிட்ட மாதிரி நேராக இருக்குமாம். நான் அத்தரும் ஜவ்வாதும் எதிர்பார்த்துப் பெட்டியைத் திறந்தால், பையிலிருந்து முள் மரத்து விதையை எடுத்து நீட்டுகிறீர்கள். "சக்களத்தியைக் கையோட கூட்டிட்டே வந்துட்டீங்களா?" என்றேன்.

வெந்நீரில் ஊறவைத்து, கொல்லையில் ஊன்றினீர்கள். ஒன்றே ஒன்று பிழைத்தது. அது வளர்ந்த அழகு இருக்கிறதே! வருஷம் போகப் போக ஒரு சாண், இரண்டு சாண். பக்கத்தில் நான் வைத்த முருங்கை கூரையைத் தொட்டு, காய்த்து, காற்றில் முறிந்தும் போனது. உங்கள் மரம் முழங்காலைத் தாண்டவில்லை. கேட்டால், "அது மேல வளரல, கீழ வளருது" என்பீர்கள்.

ஸ்ரீரங்கத்து மாமி வந்த நாளை மறக்க முடியுமா? உங்கள் வேனில் வருகிற பேரனுக்குப் பூணூல் என்று பத்திரிகை வைக்க வந்தவர். பின்பக்கம் போனவர் அந்தச் செடி முன்னால் நின்றுவிட்டார். குனிந்து இலையைப் பார்த்தார். "பாய், இது வன்னியோன்னோ? எங்கேர்ந்து கிடைச்சுது உங்களுக்கு?" என்றார். நீங்கள், "இல்லீங்கம்மா, இது அரபு நாட்டு மரம், நான் ஓமன்லேர்ந்து விதை கொண்டாந்தேன்" என்று மார்பை நிமிர்த்தினீர்கள். மாமி சிரித்துவிட்டார். "அரபு நாடாவது! விஜயதசமிக்கு எங்க பெருமாள் எழுந்தருளி அம்பு போடறது இந்த வன்னியிலதான். சின்ன வயசிலேர்ந்து பார்த்துண்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? கருவேலம்னு யாரும் நினைச்சுடப் போறா. அதுக்கு முள்ளு கணுவுல ரெட்டையா இருக்கும். இதுக்குப் பாருங்கோ, கணுவுக்கு நடுவுல தனித்தனியா இருக்கு."

நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் வேனை நிறுத்திவிட்டு எங்கெங்கோ விசாரித்துவிட்டு வந்தீர்கள். மாமி சொன்னதுதான் சரி. வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். ஏமாந்துபோன மாதிரியும் இருந்தது உங்கள் முகம், சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. "பாலக்கரையில பொறந்தவனுக்கு எருக்கஞ்செடி தெரிஞ்சுது, வன்னி தெரியாம போச்சே புள்ள. அத்தனை வருசமும் நான் நம்ம ஊர் மரத்தடியிலதான் உக்காந்திருந்திருக்கேன்" என்றீர்கள். எனக்கு ஏனோ அழுகை வந்தது. சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்தச் செடியைச் சக்களத்தி என்று சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகு நானே அதற்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அந்தக் கோடையில் அது வாடி நிற்கிறதே என்று ஒரு வாளி எடுத்துக்கொண்டு போனவளை வழியில் மறித்தீர்கள். "ஊத்தாதே. ஊத்தினா வேர் மேலயே சுத்திக்கிட்டுக் கிடக்கும். காய விடு. காஞ்சாத்தான் தண்ணியைத் தேடிக்கிட்டுக் கீழ போகும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வாளியைத் தொம்மென்று கீழே வைத்தேன். "அப்ப என்னையும் அப்படித்தான் காய விட்டீங்களா?" என்று கேட்டேன்.

நீங்கள் குனிந்து வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்தீர்கள். நான் கேட்டதில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆயிஷா பள்ளிக்கூடம் போன முதல் நாள், என் அத்தா மவுத்தாகிப் போன நாள், வீட்டுக்கு வாசக்கால் வைத்த நாள் என்று எல்லா நாளிலும் நான் ஒருத்தியாக நின்றிருக்கிறேன். ஊரில் மழை பெய்தால் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் டேப் ரெக்கார்டரைத் தேடியிருக்கிறேன்.

மறுநாள் வேன் வேலை முடிந்து வந்ததும், "கிளம்பு, ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவோம்" என்றீர்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கோபம் இருந்தது. வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப் போனீர்கள். சித்திரை மாதம். ஆற்றில் பொட்டுத் தண்ணீர் கிடையாது, அந்தக் கரை வரைக்கும் மணல். செருப்பை மீறிச் சுட்டது. "இந்த மணலை வச்சுக்க. அந்தப் பக்கம் கரையே இல்லேன்னு நினைச்சுக்க. அந்தக் கோபுரம் இல்ல, பாலம் இல்ல, சத்தம் இல்ல. அதான் நான் இருந்த இடம்" என்றீர்கள். "கோபுரம் இல்லாம எனக்கு நினைக்க வரலைங்க" என்றேன். மணலில் ஒரு தடத்தைக் காட்டி இது கொக்கு, இது கீரி என்றீர்கள். அங்கே ஒரு பாம்பு பக்கவாட்டில் போகும், மணலில் சாய்த்துச் சாய்த்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும் என்று விரலால் வரைந்து காட்டினீர்கள்.

பிறகு உட்கார்ந்து கையால் தோண்ட ஆரம்பித்தீர்கள். இந்த வயசில் இது என்ன விளையாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். மேல் மணல் பொரிந்து சரிந்துகொண்டே இருந்தது. முழங்கை வரை போனதும் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் தோண்டினீர்கள். ஓரத்தில் மெல்லக் கசிந்து, குழியின் அடியில் ஒரு கை தண்ணீர் ஊறி நின்றது. கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. என் கையைப் பிடித்து அதில் வைத்தீர்கள். சில்லென்று இருந்தது.

"வறண்டு கிடக்கற இடத்துல ஒரு மரம் நிக்குதுன்னா, கீழ எங்கயோ தண்ணி இருக்குன்னு அர்த்தம். அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும் அது" என்றீர்கள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், ஸ்ரீரங்கத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் அத்தனை வருசம் அங்க நின்னேன்ல?" என்றீர்கள்.

அவ்வளவுதான் சொன்னீர்கள். திரும்பி வரும்போது உங்கள் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தேன். பாலத்தில் காற்று அடித்தது. இன்னும் நிறையப் பேசியிருக்கலாமே நீங்கள். இன்னும் கொஞ்சம் வருஷம் இருந்திருக்கலாமே.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்த அன்றுகூட, "வேன் சாவியை மறக்காம கொடுத்துடு, புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்" என்றுதான் சொன்னீர்கள். மறுநாள் நீங்கள் இல்லை. புருஷன் போனவள் வெளியே வரக்கூடாத இத்தாவில் நான்கு சுவருக்குள் இருந்த மாதங்களில் எனக்கு வெளியே பார்க்க இருந்தது அந்தக் கொல்லைதான். பங்குனி வெயில் ஏறி, பக்கத்து வீட்டு வாழை, கொய்யா எல்லாம் தளர்ந்து நிற்கும்போது, தோள் உயரம் வந்திருந்த உங்கள் வன்னி மட்டும் புது இலை விட்டது. எல்லாம் உதிர்கிற நேரத்தில் அது துளிர்க்கும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள், நான்தான் நம்பவில்லை. தினமும் அதோடு பேசினேன். உங்களிடம் பேச முடியாததை எல்லாம் பேசினேன். திட்டக்கூடத் திட்டினேன். தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை.

இப்போது சொல்லுங்கள், அந்த இடத்தில் சிமெண்டைப் போட்டு அதன்மேல் துணி துவைக்க என்னால் முடியுமா? மாமியிடம் போனில் சொன்னேன். "நான் வேற வன்னிக்கன்னு கொண்டு வந்து தரேன், கவலைப்படாதீங்கோ" என்றார். நல்ல மனசு. ஆனால் அது உங்கள் சட்டைப் பையிலிருந்து வந்ததாக இருக்காதே. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கரீமிடம் சரி என்று சொல்லிவிடுகிறேன். எதையாவது ஒன்றை எப்போதாவது விட்டுத்தானே ஆக வேண்டும்? பாங்கு சொல்கிறார்கள். எழுந்திருக்கிறேன்.

இப்போது பொழுது சாய்ந்து அஸர் தொழுகையும் ஆகிவிட்டது. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கரீம் வந்தான், கொத்தனாரும் வந்தார். நான் தலையை ஆட்டினேன். மண்ணைக் கொட்டுவதற்கு முன்னால், அடியில் கிடந்த கல்லையும் சருகையும் எடுக்கிறேன் என்று கரீம் குழிக்குள் இறங்கினான். குற்ற உணர்ச்சியில் எல்லாவற்றையும் தானே செய்கிறான். மண்வெட்டியால் சுரண்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினான். "அக்கா, இங்க வாயேன்" என்றான். குரலே ஒரு மாதிரி இருந்தது.

எட்டிப் பார்த்தேன். அறுந்த வேரின் தலை, கட்டைவிரல் கனத்தில், நேராகக் கீழே போயிருந்தது. மண்வெட்டி பட்டு ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. இத்தனை நாள் வெயிலில் கிடந்தும் உள்ளே காயவில்லை. "பச்சையா இருக்குக்கா. ஈரமா இருக்கு" என்றான். சொல்லிவிட்டுப் பாய்ந்து மேலே ஏறி, குழாயடிக்கு ஓடி, மக்கு நிறையத் தண்ணீரோடு வந்தான்.

"ஊத்தாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் கொத்தனார் கரணையைக் கீழே போட்டுவிட்டார். கரீம் மக்கோடு அப்படியே நின்றான்.

"அப்ப என்னதான்க்கா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே. இந்த மண்ணை எடுத்துட்டுப் போகச் சொல்லு. குழியைச் சுத்தி நாலு செங்கல்லை வச்சுட்டு நீயும் கடைக்குப் போ."

அவன் என்னையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தான். "துளிர்க்குமாக்கா?"

"தெரியலடா. துளிர்த்தா துளிர்க்கட்டும்."

"எவ்வளவு நாளாகும்க்கா?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு கொல்லையில் நின்று நான் சிரித்தது இதுதான் முதல் தடவை. யாரிடம் வந்து என்ன கேள்வி கேட்கிறான் பாருங்கள்.